இரண்டு தொட்டி வரைந்தவன்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த வேகத்திலேயே உன் நலமும் என் நலமும் தெரிந்துவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். "வொய் டூ ரிசப்ஷன்ஸ், அப்பா? ஜஸ்ட் டெல் மீ வொய்" என்று மூன்று தடவை கேட்டாய். நானும் மூன்று தடவை டெக்சாஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் உள்ள தூரத்தைச் சொன்னேன். வயதானவர்களால் ஃபிளைட் மாறி ஏற முடியாது என்றேன். தாலி கட்டும்போது இரண்டு வீட்டுப் பெற்றோரும் இருந்தால் போதும், மறுநாள் ஃபிரிஸ்கோவில் மலர் வீட்டு ஆட்களுக்கு ஒரு ரிசப்ஷன், அடுத்த வாரம் எடிசனில் நம் ஆட்களுக்கு ஒரு ரிசப்ஷன், யாருக்கும் சிரமமில்லை என்றேன். பிறகு, "ஓகே. தென் டோன்ட் கம், அப்பா. எனி ஆஃப் இட்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். இருபத்தாறு வருடத்தில் நீ என்னிடம் குரலை உயர்த்தாமல் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "ஏனுங்க, பையன் என்ன சொல்றான்?" என்றாள். "லைன் கட் ஆயிருச்சு" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். அதை உன்னிடம் சொல்ல வேண்டுமானால் நீ பார்க்காத, நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒரு கதையைச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து கேள்வி கேட்பாய், நான் நழுவிவிடுவேன், நழுவுவதில் நான் கெட்டிக்காரன். ஆகவே எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மலருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அவளையே வாசித்துக் காட்டச் சொல். என்னைப் பற்றி மோசமாக வரும் இடங்களில் அந்தப் பெண் தயங்கும். தயங்காமல் வாசிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.

பார்சிப்பனி ஆபீசில் எனக்கு இரண்டு மேசை தள்ளி மிர்சாதா என்று ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பார். நான் கணக்குப் போட்டுக் கொடுக்கும் தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய்களையெல்லாம் கம்ப்யூட்டரில் படமாக வரைவது அவர் வேலை. போஸ்னியாவில் போர் நடந்தபோது கணவர் ஹசனோடு அகதியாக வந்தவர். நான்கு வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். மத்தியானம் மைக்ரோவேவில் என் ரசம் கொதிக்கும்போது மூக்கைச் சுளிக்காத ஒரே ஆள் என்பதால் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. 98 ஏப்ரலில் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "இந்தியாவுல கிராமத்துக் குடிதண்ணி வேலை பார்த்தேன்னு சொல்வீங்களே, பம்ப் இல்லாம, மேட்டுல இருந்து தானா இறங்குற தண்ணிக்குக் குழாய் போடத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாததா என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அவருடைய ஊர் மலைச்சரிவில் ஐம்பது வீடு உள்ள சின்ன ஊர். மேல்பக்கம் இவர்கள், முஸ்லிம்கள். கீழ்ப்பக்கம் செர்பியர்கள். நடுவில் பள்ளிக்கூடம், அதன் வாசலில் ஊருக்கே பொதுவாக ஒரு குழாயடி. மலை உச்சியில் வற்றாத ஓர் ஊற்று. போரில் மேல்பக்கத்து வீடுகள் ஒன்று விடாமல் எரிந்தன, குழாய்கள் பெயர்ந்தன, ஆட்கள் ஆளுக்கொரு தேசமாகச் சிதறினார்கள். ஹசனின் தம்பியை அந்த ஊரிலேயே சுட்டுக் கொன்றார்கள். போர் முடிந்து மூன்று வருடமாகிவிட்டது. வெளிநாட்டு உதவியெல்லாம் பெரிய ஊர்களுக்கே சரியாக இருந்தது, இந்த ஐம்பது வீட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது பதினோரு குடும்பங்கள் திரும்பிப் போகிறோம் என்று பெயர் கொடுத்திருக்கின்றன. குளிரில் மண் இறுகுவதற்குள் தண்ணீர் வந்தால் போவார்கள். வராவிட்டால் அந்தப் பதினொன்றும் கலைந்துவிடும், அப்புறம் அந்த ஊர் கிடையாது. ஆகவே நியூ ஜெர்சியில் இருந்த ஆறு குடும்பங்கள் தாங்களே குழாய் போட்டுவிடுவது என்று இறங்கியிருந்தன.

நான் சனிக்கிழமை மத்தியானங்களில் அவர்கள் அப்பார்ட்மென்டுக்குப் போக ஆரம்பித்தேன். உன் அம்மா, "வாரா வாரம் எங்கதாங்க போறீங்க? நம்மூட்டு கிச்சன் பைப்பு ஒழுகுது, அதைப் பாக்க ஆளக் காணோம்" என்று சலித்துக்கொண்டாள். போனால் அங்கே ஒரு வால்பேப்பர் சுருளைப் பின்பக்கமாகத் திருப்பி, சாப்பாட்டு மேசையிலிருந்து சோபா வரைக்கும் விரித்து வைத்திருந்தார்கள். கையில் வரைபடம் எதுவும் கிடையாது. எல்லாம் எரிந்துவிட்டது. ஆளுக்கொரு பென்சிலை வைத்துக்கொண்டு ஊரை ஞாபகத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். டிரக் ஓட்டும் ஹசன், பேக்கரியில் ரொட்டி சுடும் ஒருவர், ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் ஸும்ரா என்ற விதவை, எல்லோரும் குனிந்து நின்றுகொண்டு, பிளம் மரம் இங்கே, வேலி அங்கே, இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் என்று சண்டை. நான் முப்பது வருட அனுபவத்தோடு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனவன். ஸ்கேலைப் பைக்குள் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

தூரம் தெரியாமல் குழாய்க் கணக்குப் போட முடியாது என்று நான் சொன்னபோது ஸும்ரா சர்வ சாதாரணமாக, "எங்க வாசப்படியில இருந்து குழாயடிக்குக் காலிக் கேனோட போனா நூத்திப் பத்து எட்டு. நிறைச்ச கேனோட திரும்பினா நூத்தி நாப்பது" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது தம்பி. கனம் தூக்கினால் எட்டு குறுகும் என்பதைக் கூட அந்த அம்மாள் எண்ணி வைத்திருக்கிறார். உடனே இரண்டு பால் கேலன் டப்பாக்களில் தண்ணீரை நிரப்பிக் கொடுத்து, கீழே பார்க்கிங் லாட்டில் நடக்கவிட்டு, பின்னாலேயே டேப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். மேல் மாடியிலிருந்து யாரோ, சினிமா எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். கார்களுக்கு நடுவில் அந்த அம்மாள் தன் ஊர்த் தெருவில் நடப்பதாகவே நடந்தார், ஓரிடத்தில் இல்லாத ஒரு கல்லைச் சுற்றிக்கூட நடந்தார். அந்த எட்டுகளை மீட்டராக்கிப் படத்தில் போட்டேன். பிறகு போஸ்னியாவிலேயே தங்கிவிட்ட ஹசனின் மச்சான் ஊருக்குப் போய் நிஜமாக அளந்தபோது வித்தியாசம் மூன்றே மீட்டர்தான் வந்தது.

அந்த மச்சானுக்கு மட்டம் பார்ப்பது எப்படி என்று நான் ஃபேக்ஸில் படம் போட்டு அனுப்பினேன். நம் ஊர்க் கொத்தனார்கள் பிடிக்கும் டியூப் லெவல்தான், நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் பார்ப்பது. ஏதோ பெரிய வித்தையைக் கற்றுக்கொடுக்கிற மாதிரி இரண்டு பக்கம் விளக்கியிருந்தேன். "எங்க அப்பா காலத்துலேயே இது உண்டு, இஞ்சினியர் கோபிச்சுக்க வேண்டாம்" என்று பதில் வந்தது. மிர்சாதா அதை மொழிபெயர்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வீடு எரிந்தவர்கள், கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவர்கள், வாரத்துக்கு ஆறு நாள் அடுத்தவர் படுக்கையை உதறிப் போடுகிறவர்கள், சனிக்கிழமை வந்தால் இப்படிச் சிரித்துக்கொண்டு ஒரு ஊரைக் குழாய் குழாயாக எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இவர்களை எந்த மண்ணால் செய்தார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டுவேன். இரண்டு தடவை எக்ஸிட்டைத் தவறவிட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கவனித்தேன். மூன்று சனிக்கிழமை ஆகியும் வால்பேப்பரின் கீழ்ப்பாதி வெள்ளையாகவே கிடந்தது. செர்பியர்களின் பக்கம். யாரும் அங்கே பென்சிலைக் கொண்டுபோகவில்லை, நானும் கேட்கவில்லை. நான்காவது வாரம் ஸும்ரா எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பென்சிலை எடுத்துக் கீழே ஒரு சின்னச் சதுரம் போட்டார். "இது யோவான் வீடு. அவன் நாய் என்னை எத்தனை தடவை துரத்தியிருக்கு" என்றார். யோவான் கிழவனின் மகன் வீடுகளை எரித்த கும்பலோடு போனவன் என்று மிர்சாதா பிறகு சொன்னார். ஹசன் எழுந்து பால்கனிக்குப் போனார். ஒரு சிகரெட் முடிகிற வரைக்கும் வரவில்லை. வந்தவர் பென்சிலை வாங்கி அந்தச் சதுரத்தைப் பார்த்து, "வாசல் இந்தப் பக்கம் இல்ல, பள்ளிக்கூடத்தைப் பார்த்து இருக்கும்" என்று திருத்தினார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கீழ்வீடுகளையும் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுசாகிவிட்டது.

இவ்வளவையும் என் கண்ணால் பார்த்த பிறகுதான், தம்பி, நான் எடிசனுக்கு வந்து, உன் பழைய ரூமில் உட்கார்ந்து, இரண்டு தொட்டி வரைந்தேன்.

ஊற்றிலிருந்து வரும் குழாயை மேலேயே இரண்டாகப் பிரித்தேன். ஒரு தொட்டி மேல்பக்கத்துக்கு, அதற்கு ஒரு குழாயடி. இன்னொரு தொட்டி கீழ்ப்பக்கத்துக்கு, அதற்கு ஒரு குழாயடி. பள்ளிக்கூடத்து வாசலைத் தொடவே இல்லை. படம் அழகாக வந்திருந்தது. யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை, உரச வேண்டியதில்லை, சண்டைக்கு வழியே கிடையாது. போரிலிருந்து எழுந்த ஊருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் யார் செய்ய முடியும் என்று எனக்கே என் மேல் பெருமை. ஐந்தாவது சனிக்கிழமை அதை மேசை மேல் விரித்தேன்.

மிர்சாதா ரொம்ப நேரம் பார்த்தார். "ஏன் இரண்டு?" என்று கேட்டார். கீழே இறங்க இறங்கத் தண்ணீரின் அழுத்தம் கூடும், ஒரே தொட்டியானால் கீழ்ப்பக்கம் குழாய் வெடிக்கும் என்றேன். அவர் கோபப்படவில்லை. படத்தில் நானே எழுதியிருந்த எண்களில் விரலை வைத்து, "நாம வாங்கப் போற குழாய் அறுபது மீட்டர் உயரம் தாங்கும். இங்க உயரம் முப்பத்திரண்டுதான். நான் தினமும் உங்க கணக்கைத்தானே வரையுறேன். ஏன் இரண்டு?" என்று மறுபடி கேட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், எனக்கு ஆறு பேர் முன்னால் சறுக்கியது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம், ஒத்துப்போகாதவர்கள் ஒரே குழாயடியில் நின்றால் வம்பு வரும், தனித்தனியாகக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்றேன்.

அந்தக் கூட்டத்தில் தனித் தொட்டி கேட்க நியாயம் உள்ளவர் ஒருவர் இருந்தார் என்றால் அது ஹசன்தான். அவர் பேசினார், மிர்சாதா எனக்குச் சொன்னார். "எனக்குன்னு தனிக் குழாய் வேணும்னா நான் எதுக்கு ஊருக்குப் போகணும்? இந்த அப்பார்ட்மென்ட்டுல ரூமுக்கு ஒண்ணு இருக்கு." பிறகு, "யோவானை நான் கட்டிப்பிடிக்கப் போறதில்ல. அவன் தினம் காலையில வாளியைத் தூக்கிட்டு வர்றதை நான் பார்க்கணும், நான் வர்றதை அவன் பார்க்கணும். பார்க்காம இருந்தா நான் அவனுக்குப் பயப்படுவேன், அவன் எனக்குப் பயப்படுவான். போன தடவை எல்லாம் அங்கதான் ஆரம்பிச்சுது" என்றார். ஸும்ரா என் படத்தை மெதுவாகச் சுருட்டி, கசங்காமல், மரியாதையாக என் கையில் கொடுத்தார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. தம்பியைக் கொன்ற ஊரில், கொன்றவர்களின் ஆட்களோடு, ஒரே வரிசையில் நிற்கப் போகிறேன் என்று ஒரு மனிதன் காபி குடித்துக்கொண்டே சொல்கிறான்.

நான் ஊரில் குடிநீர் வேலையில் இருந்த காலத்துக் கதைகளைச் சாப்பிடும்போது உன்னிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். ஒரு கிராமத்தில் ஆறு மாதத் தகராறை ஒரே நாளில் தீர்த்துவைத்தேன் என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன், நினைவிருக்கும். எப்படித் தீர்த்தேன் என்பதைச் சொன்னதில்லை. ஊருக்குள் ஒரு குழாய், காலனிக்குத் தனியாக ஒரு குழாய். காலனிக் குழாய் லைனின் கடைசியில். ஊருக்குள் பத்துப் பேர் திறந்தால் கடைசியில் காற்றுதான் வரும், அது எந்த இஞ்சினியருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கோடையில் காலனியிலிருந்து ஒருவர் ஆபீசுக்கு வந்து, உள்ளே வராமல், கதவோரம் நின்றுகொண்டு, "பைப்பு எங்களுக்கு வந்துருச்சுங்க சார், தண்ணிதான் வரலீங்க" என்றார். கோடை முடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அவரை உள்ளே வந்து உட்காரச் சொல்லவில்லை. வம்பில்லாமல் முடித்ததற்காக மேலிடத்தில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. இருபது வருடம் கழித்து, கடல் தாண்டி, காலனி என்றால் என்னவென்றே தெரியாத ஓர் ஊருக்குப் படம் போட உட்கார்ந்தாலும் என் கை தானாகவே அதே இரண்டு கோட்டைத்தான் போட்டது. யாரும் போடச் சொல்லவில்லை.

அன்றிரவே புதிதாக வரைந்தேன் என்று எழுத ஆசைதான். இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாவது வாரம் மிர்சாதா என் மேசையில் ஒரு ஆப்பிளை வைத்துவிட்டு, "மண் இறுகிடும்" என்று மட்டும் சொன்னார். அப்புறம்தான் வரைந்தேன். ஒரே ஊற்று, ஒரே தொட்டி, பள்ளிக்கூடத்து வாசலில் ஒரே குழாயடி, அதில் நான்கு வாய். மேல்பக்கத்தார் குழாயை உடைத்தால் அவர்களுக்கும் தண்ணீர் இல்லை, கீழ்ப்பக்கத்தார் உடைத்தாலும் அப்படித்தான். இவ்வளவு சுலபமான படத்தை நான் வாழ்நாளில் வரைந்ததில்லை.

நவம்பரில் அங்கிருந்து ஒரு வீடியோ கேசட் வந்தது. அந்த ஊர்க் கேசட் இங்கத்திய விசிஆரில் ஓடாது, கோடு கோடாகத்தான் தெரியும். நம் வீட்டில்தான் ஊர்க் கல்யாணக் கேசட் பார்ப்பதற்காக ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய மல்டி சிஸ்டம் விசிஆர் இருக்கிறதே. ஆறு குடும்பமும் எடிசனுக்கு வந்துவிட்டது. உன் அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். பெரியப்பா பெண்ணின் கல்யாணக் கேசட்டை வெளியே எடுத்துவிட்டு இதைப் போட்டேன்.

படம் ஆடிக்கொண்டே இருந்தது. மேலிருந்து நான்கைந்து ஆட்கள் மண்வெட்டியால் குழி வெட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பின்னால் கூரையில்லாத சுவர்கள். கேமரா திரும்புகிறது, கீழே தூரத்தில் ஒற்றையாக ஒரு கிழவர், மேலே பார்த்து வெட்டிக்கொண்டு வருகிறார். அவரை யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இரண்டு குழியும் சேர்ந்தன. கை குலுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, ஒரு வார்த்தை இல்லை. கிழவரின் மண்வெட்டி வேரில் மாட்டிக்கொண்டது, ஹசனின் மச்சான் குனிந்து இழுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். பிறகு குழாயடி வந்தது. முதலில் காற்று சீறியது, அப்புறம் செம்மண் கலரில் துப்பியது, அப்புறம் தெளிந்தது. பெண்கள் கேன்களோடு நின்றார்கள், மேல்வீடு கீழ்வீடு என்றில்லாமல், வந்த வரிசையில். உன் அம்மாவுக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை புரியாது. பஜ்ஜித் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றவள், "தண்ணி வந்துருச்சுங்களா? வந்துருச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். பெரிய அணை திறந்தபோதெல்லாம் மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு வாயில் விரல் தடிமனுக்கு வந்த அந்தத் தண்ணீரைப் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை.

ஹசன் கேசட்டைப் பின்னால் ஓட்டச் சொன்னார். தண்ணீர் வரும் இடத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இன்னும் பின்னால், இன்னும் பின்னால் என்றார். யோவான் குழியில் நிமிர்ந்து முகத்தைத் துடைக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "கிழவன் இளைச்சுட்டான்" என்றார்.

அந்தப் பதினோரு குடும்பமும் போய்ச் சேர்ந்தன. அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். போன வருடம் ஹசனும் மிர்சாதாவும் போய்விட்டார்கள். எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்காதே. யாரோ தோட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டதாகப் பெண்கள் கேனால் அடித்துக்கொள்ளாத குறையாம், மிர்சாதா எழுதியிருந்தார். குழாயடிச் சண்டை போடுகிற அளவுக்கு ஊர் ஊராகிவிட்டது என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் இந்த மார்ச்சில் மலர் வீட்டுக்கு வந்தேன். மலரின் அப்பா ஆஸ்பத்திரி லேபில் வேலை முடித்து, அந்த உடையை மாற்றக்கூட நேரமில்லாமல், ஏர்போர்ட்டுக்கு வந்து நம்மை அழைத்துப் போனார். உட்கார்ந்ததும் மலரின் அம்மா தட்டில் மூன்று எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். உன் அம்மா எடுத்துக் குடித்தாள். நீ குடித்தாய். நான், "இப்பத்தானுங்க குடிச்சோம்" என்றேன். தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது தம்பி. ஃபிளைட் இறங்கியதிலிருந்து நான் ஒரு வாய் குடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு வயிறு சரியில்லை என்றேன். நீ பாவம், நம்பி, காரை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினாய். மலர் ஓடவில்லை. அவள் அந்த நிறைந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நீ இங்கே வளர்ந்தவன், உனக்குப் புரியாது. அவளுக்கும் அவள் அப்பா அம்மாவுக்கும் முதல் நொடியிலேயே புரிந்துவிட்டது. அம்மா மலர், நீதான் இதை வாசித்துக்கொண்டிருப்பாய். என் வயிற்றுக்கு ஒன்றுமே இல்லை. நான் செய்தது ஈனமான காரியம். அதன் பிறகு ரிசப்ஷன் பேச்சு வந்தபோது உன் அப்பா, "உங்க சௌகரியம் போல செய்ங்க சார்" என்று சொல்லி விலகிக்கொண்டார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நான் இரண்டு மண்டபம் பார்த்தேன்.

ஆக, வொய் டூ என்று நீ கேட்டாயே, தூரம் காரணமில்லை. தொட்டிக்கு அழுத்தம் காரணமில்லாத மாதிரிதான். நம் ஆட்களும் அவர்கள் ஆட்களும் ஒரு பந்தியில் உட்காரக் கூடாது, அதை நான் பார்க்கக் கூடாது, நான் பார்த்ததை ஊரில் யாரும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் காரணம். உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். பிரமிப்பை நம்பாதே. நான் அந்த ஆறு குடும்பத்தைப் பார்த்துப் பிரமித்ததில் பொய் இல்லை, அழுததிலும் பொய் இல்லை. அழுது முடித்துவிட்டு அப்படியே எழுந்து வந்து பழைய ஆளாகவே உட்கார்ந்துகொள்ள முடிகிறது, அதுதான் பயங்கரம். உனக்கும் ஏதாவது ஒன்று வரும். அப்போது கையைக் கவனி.

செவ்வாய்க்கிழமை எடிசன் மண்டபத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஊருக்கு, கோபிக்குப் போன் போட்டு உன் பெரியப்பாவிடம், கல்யாணமும் ரிசப்ஷனும் எல்லாம் ஃபிரிஸ்கோவில், அவர்கள் நடத்துகிற இடத்தில், எல்லோருக்கும் ஒரே பந்தி என்றேன். "ஏண்டா, நான் ஊருக்குள்ள தல காட்ட வேண்டாமா? அப்பிடின்னா நாங்க யாரும் வல்ல போ" என்றார். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லை. "சரிங்கண்ணா" என்று சொல்லி வைத்தேன். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. உன் அம்மா மட்டும் அன்று ராத்திரியே பெட்டியை இறக்கிவிட்டாள்.

மலர் வீட்டார் இதற்கு ஒப்புக்கொள்வார்களா என்பதும் எனக்குத் தெரியாது. நானே ஒதுக்கிவிட்டு நானே வந்து சேர்த்துக்கொள் என்றால் அவர்கள் கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் உன் அம்மாவும் டாலஸில் இறங்குகிறோம். நீ ஏர்போர்ட்டுக்கு வராதே, அவர்கள் வீட்டுக்கும் வராதே. நீ நடுவில் நின்றால் உனக்காக என்னைப் பொறுத்துக்கொள்வார்கள், அது வேண்டாம். டாக்சி பிடித்துப் போய்க்கொள்கிறோம். மன்னிப்பு, கல்யாணம், பந்தி, அந்தப் பேச்செல்லாம் பிறகு. வாசலில் நின்றபடியே குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்கப் போகிறேன். ஐம்பத்தெட்டு வயதுக்கு நான் அப்படி ஒரு வாசலில் நின்று தண்ணீர் கேட்டதில்லை.

அப்பா